அந்தப் பின் அறையில் யாரையும் படுக்க வைக்காதே

ராசா,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு அந்த வேகம் போதும். ஃபோனில் சொல்லத் தொடங்கினால் ‘லேட்டர், மம்’ என்று வைத்துவிடுவாய். தனியாக எழுதிக் கையில் தந்தால் கார்க் கதவின் இடுக்கில் செருகிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுக்கிறேன். ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. “அக்கா, நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் காலத்தைப் பற்றி இனிமையா ஒரு கட்டுரை தாங்கோ” என்றார். இனிமையாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். ஒக்லாந்தில் நாலு தமிழர் வாசித்தால் நீயும் வாசித்துத்தான் ஆகவேண்டும், யாராவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் புக்கெகோஹியில், உன் வருங்கால மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. பங்குனியில் உனக்கும் அனிக்காவுக்கும் கலியாணம். வெங்காய அறுவடை முடியாமல் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கலியாணம் கட்டியதில்லை, சாவதற்கும் அறுவடை முடியட்டும் என்று பார்த்திருக்கிற ஆட்கள் அவர்கள். இந்தப் பருவத்திலிருந்து தோட்டத்துக்கு நீதான் மனேஜர் என்று அவர் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன். பிறகு பேச்சு வேலைக்கு வருகிற ஆட்களைப் பற்றிப் போயிற்று. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முன்னால் கேரளாவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள், எங்கே விடுவது என்று மாமனார் கேட்டார். நீ உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே, நாங்கள் முதலில் இருந்த பழைய வீட்டில் விடலாம் என்றாய். முன் இரண்டு அறைகளுக்கும் சட்டப்படி வேண்டிய ஹீற்றரையும் மற்றதையும் போட்டுவிட்டு, பின் அறையை வாடகைப் பத்திரத்தில் ஸ்டோர் ரூம் என்று காட்டினால் அதைத் தொடத் தேவையில்லை என்றாய். அப்படியென்றால் பிள்ளைகள் எங்கே படுக்கும் என்று நான் கேட்டேன். “அங்கேதான் படுப்பார்கள், நாங்கள் போய்ப் பார்க்கப் போகிறோமா?” என்று இங்கிலீசில் சொன்னாய். பிறகு சிரித்தாய். “எங்களுக்கு அது போதுமாயிருந்ததுதானே, மம்.” மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் அந்த வசனம் உன்னுடையது இல்லை. அது யாரிடமிருந்து யாருக்கு வந்து உன் வாயில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். நடுவில் அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான்.

அனிக்காவின் அப்பப்பா ஹென்க்கும் அப்பம்மா கோரியும் நெதர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள், அது உனக்குத் தெரியும். உலக யுத்தம் முடிந்து சில வருசம். அந்த ஊரில் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் தட்டுப்பாடு, இங்கே தோட்டத்துக்கு ஆள் தட்டுப்பாடு. இரண்டு வருசம் சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்வோம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்கள். அன்று அந்த நிலம் ஒரு வெள்ளைக்காரனுடையது. (ஹென்க்கும் வெள்ளைதான், ஆனால் இங்கிலீஸ் சரியாக வராத வெள்ளையை அந்தக் காலத்தில் யாரும் வெள்ளையாகக் கணக்கெடுக்கவில்லை.) அவன் இவர்களை அந்தப் பழைய வீட்டில் விட்டான், அன்று அதற்கு இரண்டே அறைதான். கூரை ஒழுகுகிறது என்று ஹென்க் போய்ச் சொன்னபோது, “உனக்கு முன்னால் இருந்தவனுக்கு ஏழு பிள்ளைகள், அவன் ஒன்றும் சொல்லவில்லையே” என்றானாம். பிள்ளைகள் பிறந்ததும் இடம் போதாமல் ஹென்க் தானே பின்பக்கம் ஓர் அறையை இறக்கினார். கப்பலில் தட்டுமுட்டுச் சாமான் கொண்டுவந்த பெரிய மரப்பெட்டியைப் பிரித்து, அந்தப் பலகையை அறைந்து எழுப்பிய சுவர். உள்ளே அட்டை கூட இல்லை, வெளியே ஒரு பலகை, அதற்கப்பால் காற்று. நீ சின்ன வயதில் சுவரில் தடவித் தடவி வாசித்த கறுப்பு எழுத்து அவர்கள் வந்திறங்கிய துறைமுகத்தின் பெயர்.

அந்த வட்டாரத்தில் அவர்களைப் போல ஏழெட்டு டச்சுக் குடும்பங்கள் இருந்தன. ஞாயிறு வேதக்கோயில் முடிந்தால் ஒரு வீட்டில் கூடிக் கோப்பி குடிப்பார்கள். ஒரு கோப்பைக்கு ஒரு பிஸ்கட், எடுத்ததும் டின்னின் மூடி மூடிவிடும். எங்கள் ஆட்கள் பார்த்தால் வயிறு பற்றி எரியும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கதிரைகளை வட்டமாகப் போட்டு, வந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லவேண்டும், பிறந்தநாள்காரருக்கு மட்டுமில்லை, அவருடைய மச்சாளுக்கும் அயலட்டைக்கும் சேர்த்து. அந்த வட்டத்தில் எப்போதும் ஒரே பேச்சுத்தான்: முதல் வீடு. ஒருவர் கோழிக்கூட்டில் இருந்தாராம். ஒருவர் ரெயில்வேக்காரரின் கொட்டிலில். இன்னொருத்தி கூடாரத்துக்குள் பிள்ளை பெற்றாளாம். யாருடைய வீடு மோசம் என்பதில் ஒரு போட்டி, வென்றவர் முகத்தில் ஒரு பெருமை. யாராவது, “அப்படியென்றால் வீட்டுக்காரன் செய்தது அநியாயம்” என்று சொல்வார்களா என்று நான் பல வருசம் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் தோட்ட வேலைக்கென்று அந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு நாலு வயது. தோட்டம் ஹென்க்கின் சொந்தமாகி நீண்ட காலம் ஆகியிருந்தது, அவர்கள் மேட்டில் பெரிய வீடு கட்டிப் போய்விட்டார்கள். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “எங்கடை செம்மண் மாதிரிக் கிடக்கு” என்று உன் அப்பா மயங்கிப் போனார். மண்ணைப் பார்த்த மனுசன் சுவரைப் பார்க்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே பின் அறைச் சுவர் வியர்க்கத் தொடங்கிற்று. உன் மெத்தையின் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. நீ இருமினாய், மூன்று குளிர்காலம் இருமினாய். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். உனக்கு ஞாபகம் இருப்பது வெங்காயப் பெட்டிகளின் மேல் ஏறி ஓடியதும் ஹென்க் உன்னை ட்ராக்டரில் ஏற்றியதும்தான், அது உன் பிழை இல்லை. பிள்ளைகள் நல்லதை வைத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தாய் வைத்துக்கொள்ளவேண்டும்.

நான் மேட்டு வீட்டுக்குப் போய்க் கோரியிடம் சொன்னேன். எனக்கு அப்போது பயம் குறைவு. அவள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பாமல், “நாங்கள் அதற்குள் ஆறு வருசம் இருந்தோம்” என்றாள். அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே, “என் இரண்டாவது பிள்ளை அந்த அறையில்தான் செத்தது. நெஞ்சுச் சளி. பத்து மாதம்” என்றாள். இனித் திருத்தித் தருவாள், இல்லாவிட்டால் எங்களை வேறு இடத்துக்கு மாற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துவிட்டு, பழைய கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவ்வளவுதான். தன் பிள்ளை செத்த அறையில் இன்னொருத்தியின் பிள்ளையைப் படுக்கவிட ஒரு பெண்ணுக்கு எப்படி மனம் வரும் என்று நான் அவளை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், “விசா வரட்டும், அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரு” என்றார். பொத்தினேன்.

பொத்தியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வருசம் கோரியின் பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டாள். வட்டத்தில் எனக்கும் ஒரு கதிரை. முதல் வீட்டுக் கதைகள் சுற்றி வந்தபோது, “நீயும் சொல்லு, ஜன்னலின் உள்பக்கம் ஐஸ் பிடித்ததைச் சொல்லு” என்றாள். சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். உன் தொப்பி தலையணையோடு ஒட்டிக்கொண்டது என்று புளுகினேன். வட்டம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. ஒரு கிழவர் எழும்பி வந்து எனக்குக் கை கொடுத்தார். இந்த நாட்டுக்கு வந்து அதுவரை என்னை ஒருவரும் தங்கள் ஆளாகப் பார்த்ததில்லை. உன் இருமலை விற்று நான் அந்தக் கதிரையை வாங்கினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கே கோபம் வந்தது. வீடு என் பெருமையாகிவிட்டது.

உனக்குப் பத்து வயதானபோது நாங்கள் நகரத்துக்கு, பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு வந்தோம். ஆனாலும் நான் அந்தத் தோட்டத்து வேலையை விடவில்லை. பாக்கிங் ஷெட்டில் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள், விடிய எழும்பி மோட்டர்வேயில் போய்வந்தேன். வெங்காயம் பெல்ட்டில் உருண்டு வரும், பெண்கள் இரண்டு பக்கமும் நின்று அழுகலைப் பொறுக்குவார்கள், நான் பின்னால் நடப்பேன். நீ யூனிவர்சிட்டிக்குப் போன வருசம் சுமதி வந்தாள். வன்னியில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, இந்தியாவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்த குடும்பம். புருசன், ஆறு வயதில் ஒரு மகள், ஆரணி. அவர்களை அந்த வீட்டில் விட்டார்கள். சாவியைக் கையில் கொடுத்தவள் நான். “நாங்களும் இதுக்குள்ளைதான் கிடந்தனாங்கள்” என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இனிச் சொல்லப்போவது அப்பாவுக்கும் தெரியாது. சுமதி வந்து முதல் குளிர்காலம். ஹென்க்குக்கு எண்பது நெருங்கிவிட்டது, மகன் தோட்டத்தைப் பார்த்தாலும் கிழவர் தடியோடு முற்றத்தில் சுற்றுவார். வயது போகப் போக ஆள் இளகிப்போயிருந்தார். ஒருநாள் காலைக் கோப்பிக்கு பெல்ட்டை நிறுத்திய நேரம், சுமதியைக் காட்டி, “வீடு குளிர்கிறதா என்று அவளிடம் கேள். ஏதாவது வேண்டுமா என்று கேள்” என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். அவள் சொன்னாள்: “அக்கா, பின் அறை ஒரே ஈரம். பிள்ளைக்கு இருமல் விடுகுதில்லை. சுவருக்கு ஏதும் அடிச்சுத் தரச்சொல்லி, ஒரு ஹீற்றரும் கேட்டுத் தாறீங்களோ?” நான் ஹென்க்கின் பக்கம் திரும்பி, “வீடு நல்லா இருக்கிறதாம், ஒன்றும் வேண்டாமாம்” என்றேன். கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார். “அவர் பாப்பம் எண்டு சொல்லுறார்” என்று சுமதியிடம் சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். யாரும் என்னை மிரட்டவில்லை. எங்களுக்கு விசாப் பயமும் இல்லை, நிரந்தர வதிவிடம் எப்போதோ வந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கிழவர் அந்த வாரமே ஆள் விட்டுச் சுவரை அடித்திருப்பார். அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. இவள் ஒரே முறை கேட்டதும் கிடைக்குமென்றால், அன்றும் கிடைத்திருக்கும் என்று ஆகிவிடும். நீ மூன்று வருசம் சும்மா இருமினாய் என்று ஆகிவிடும். நான் வாய் பொத்தி இருந்தது பொறுமை இல்லை, கோழைத்தனம் என்று ஆகிவிடும். அந்த நிமிசத்தில்தான் எனக்குக் கோரியை விளங்கியது. அந்தச் சுவரைத் திருத்தினால் அவளுடைய பிள்ளை சாகாமல் இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும், அதனால் அவள் திருத்தவில்லை. விளங்கியும் நான் அதையேதான் செய்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஆரணிக்குத் தொண்டை நோவு வந்தது. பிறகு முழங்கால் வீங்கிற்று, பிறகு காய்ச்சல். வாதக் காய்ச்சல் என்றார்கள், தொண்டையில் தொடங்கி இருதயத்தில் போய் இருக்கிற வருத்தம். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். வீட்டில் எத்தனை பேர், ஓர் அறையில் எத்தனை பேர், ஈரமா, குளிரா என்று நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த முறை ஒரு சொல் தப்பாமல் மொழிபெயர்த்தேன். பிள்ளையின் இருதய வால்வு ஒன்று கசிகிறது. நாலு கிழமைக்கு ஒருக்கா இடுப்பில் ஊசி, இருபத்தொரு வயது வரைக்கும். அவளுக்கு இப்போது இருபது. இன்னும் ஊசி முடியவில்லை, ஒப்பரேசன் வேண்டுமா இல்லையா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹென்க் செய்தி கேட்டு ஷெட்டுக்கு வந்தார். “ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “அவள் ஒருநாளும் சொல்லவில்லை” என்றேன். சுமதி பக்கத்தில்தான் நின்றாள். அந்தக் கிழமையே அவர்களை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். ஹென்க் பழைய வீட்டை உடைக்கச் சொன்னார், கோரி விடவில்லை. பூட்டிச் சாக்கு அடுக்கி வைத்தார்கள். பிறகு ஹென்க் கண்ணை மூடிவிட்டார். போன குளிர்காலத்தில் கோரியும் போய்விட்டாள். இப்போது திறக்கிற சாவி உன் கையில் இருக்கிறது.

இதுவரை எழுதியதை உடனே மலருக்கு அனுப்பவில்லை. முதலில் சுமதியிடம் கொண்டுபோனேன். அவள் நியூ லின்னில், ரெயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் வேலை செய்கிறாள். இத்தனை வருசமும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவருகிறாள். சாப்பாட்டு இடைவேளையில் ஷொப்பிங் மோலின் மேசையில் இருந்து இதை அவளுக்கு வாசித்தேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் டிபன் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும், அக்கா.”

“என்ன தெரியும்?”

“நீங்கள் கிழவனுக்குச் சொன்னது. நான் வன்னியிலை வெளிநாட்டு ஆக்கள் நடத்தின ஒப்பிசிலை நாலு வருசம் வேலை செய்தனான். இங்கிலீசு கதைக்கத்தான் கூச்சம். கேட்டா விளங்கும்.”

நான் அவள் என்ன படித்தாள், எங்கே வேலை செய்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. “அப்ப ஏன் சொல்லேல்லை?” என்றேன். கேட்கிற கேள்வியா அது.

“என்ரை மனுசன்ரை விசா அந்த வேலையோடை கட்டினது. நீங்கள் சூப்பர்வைசர். உங்களைப் பொய் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த நாள் ஆர் எங்களை பெல்ட்டிலை நிக்கவிடுறது? பிள்ளை கொஞ்சம் இருமினா என்ன எண்டு நினைச்சிட்டன். அதுக்கு என்னை நானே மன்னிக்கேல்லை. உங்களை எப்பிடி மன்னிக்கிறது?” பிறகு, “போடுங்கோ, பேரோடை போடுங்கோ. ஆனா நான் மன்னிச்சனான் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு எழும்பினாள். இடைவேளை முடிந்துவிட்டது. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

மகனுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன், தாயின் வாய் நிற்காது. மனேஜர் என்றால் பெல்ட்டின் பின்னால் நடப்பது இல்லை. வருகிற ஆளிடம் நீயே நேரே கேள், நடுவில் என்னைப் போல ஒருத்தியை வைக்காதே. வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் நம்பாதே, போய்ச் சுவரைக் கையால் தொட்டுப் பார். உன் பிள்ளைகளுக்கு எங்கள் முதல் வீட்டைப் பற்றிக் கதை சொல்லவேண்டுமென்றால், சிரிக்காமல் சொல்லு. அனிக்கா நல்ல பிள்ளை, அவளிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. அவளுடைய அப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த அறையில் செத்தது அவர் கூடப் பிறந்த பிள்ளைதான், அதைப் பற்றி அவரும் ஒருமுறை வாய் திறக்கட்டும்.

கேரளாக் குடும்பம் நத்தாருக்கு முன்னால் வருகிறது என்றாய். அதற்குள் அந்த வீட்டை உடை. திருத்தாதே, ஹீற்றர் போடாதே, ஸ்டோர் ரூம் என்று எழுதாதே. உடை. உடைத்த பிறகு எனக்குக் கலியாணக் கார்ட் அனுப்பு. உடைக்காவிட்டால் பங்குனியில் அப்பாவுக்கு மட்டும் ஒரு கதிரை போட்டால் போதும்.

அம்மா